கிராணி சுவரில் மாட்டாத படம்

1

இது கட்டுரையாக வந்திருக்க வேண்டியது. சிரம்பானில் புகைப்பட ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் நடத்துகிறார்கள். அவர்களுடைய ஆண்டு மலருக்கு, கேமரா லென்ஸ் வளர்ந்த வரலாற்றை ஆயிரம் சொல்லுக்குள் எழுதித் தரும்படி கேட்டார்கள். எனக்கு அந்த விஷயம் தெரியும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தெரியும்தான், ஓரளவுக்கு. சரி என்று உட்கார்ந்தேன்.

பாதியில் ஓர் ஆள் குறுக்கே வந்துவிட்டார். எப்படி வந்தார் என்பதை இப்போதே சொல்லமாட்டேன். சொன்னால், மிச்சத்தைப் படிக்கிற நேரமெல்லாம் நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். கொஞ்ச நேரம் அவரைப் பாருங்கள்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

1840இல் வியன்னாவில் பெட்ஸ்வால் என்ற கணிதப் பேராசிரியர், மனித முகத்தைப் படம் பிடிப்பதற்கென்றே ஒரு லென்ஸைக் கணக்குப் போட்டு உருவாக்கினார். அதற்கு முன்பு இருந்த லென்ஸ்கள் வெளிச்சத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே விட்டன. ஆள் நிமிடக்கணக்கில் ஆடாமல் அசையாமல்…

அடித்துவிட்டேன். உண்மைதான், ஆனால் பள்ளிக்கூட வாடை அடிக்கிறது. பிறகு இப்படி:

ஒவ்வொரு புகைப்படத்துக்கும் வெளியே, தள்ளி நில் என்று சொல்லப்பட்ட ஒருவர்…

இதையும் அடித்தேன். மேடையில் சொன்னால் கைதட்டுவார்கள், அதனாலேயே ஆகாது. மூன்றாவது தடவை கட்டுரையை மூடி வைத்துவிட்டு அந்த ஆளின் பெயரை எழுதினேன். அதை அடிக்கவில்லை.

2

வீரமுத்துவுக்கு அறுபத்தெட்டு வயது. செனாவாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகா வேலை, அதாவது காவல். லாரி வந்தால் கம்பத்தைத் தூக்க வேண்டும், போனதும் இறக்க வேண்டும். மகள் விமலாவோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். விமலாவுக்கு வேறொரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை: கைப்பேசிக்குள் போகிற லென்ஸ்களில் தூசியோ கீறலோ இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பது. (கட்டுரைக்குத் தோதாக நான் இட்டுக்கட்டியது என்று நினைப்பீர்கள். இல்லை. பச்சைப்பயறு அளவு பிளாஸ்டிக் வில்லைகள், ஒன்றன்மேல் ஒன்றாக ஆறோ ஏழோ. பெட்ஸ்வாலிடம் காட்டியிருந்தால் விளையாட்டுச் சாமான் என்று தூக்கிப் போட்டிருப்பார்.)

வீரமுத்து பிறந்தது லாபு பக்கம், பதினோராங்கட்டைத் தோட்டத்தில். தோட்டத்தின் பெயரை மாற்றியிருக்கிறேன். அம்மா பஞ்சாலை 1976 நவம்பரில், அடைமழையில் இறந்துபோனாள். அப்போது ஆற்றோரத்து இடுகாடு முழுக்கத் தண்ணீர். மழை மாதத்தில் சாகிறவர்களைத் தோட்டத்து ஆபிஸ் கணக்கரான கிராணியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் புதைத்துவிடுவது அங்கே வழக்கம். அப்படி முன்பே எட்டுப் பேர் அந்தச் சரிவில் இருந்தார்கள். பஞ்சாலை ஒன்பதாவது.

சிமெண்டுக் கட்டடம் ஒன்றும் கிடையாது. தலைமாட்டில் ஒரு கல், அவ்வளவுதான். தீபாவளிக்கு முன்னால் போய்க் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, படையல் போட்டு, கற்பூரம் ஏற்றுவார்கள். ஏற்றிய கற்பூரம் தானாக அணையும்வரை அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது என்பது அந்தத் தோட்டத்துப் பழக்கம். பாதியில் எழுந்தால், படுத்திருப்பவரைப் பட்டினி போட்ட மாதிரி.

1983இல் ரப்பர்ப் பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இயந்திரம் வந்து ஒன்பது கற்களையும் கீழே தள்ளிவிட்டது. கற்கள்தான் போயின, ஆட்கள் எங்கேயும் போகவில்லை. வாய்க்காலிலிருந்து மூன்றாவது நிரை, ஏழாவது மரம் என்று வீரமுத்து அடையாளம் வைத்துக்கொண்டார். நாற்பது வருஷமாக அந்த மரத்தடியில்தான் அம்மாவுக்குப் படைக்கிறார்.

இப்போது தோட்டம் கைமாறி, வீடுகள் கட்டப் போகிறார்கள். மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆற்றோரத்து இடுகாட்டை முறைப்படி மாற்றித் தருவோம் என்றார்கள். அதற்கு வெளியே யாருடைய சமாதியாவது இருந்தால், சொந்தக்காரர்கள் ஆதாரத்தோடு, இரண்டு வாரம் கழித்து வருகிற வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். கேட்கிற சமாதியை மட்டும்தான் தோண்டி எடுத்து மாற்ற முடியும். வீரமுத்து எழுந்து ஏழாவது மரத்தைப் பற்றிச் சொன்னார். மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கேட்டார்: “காம்பார் அடா, பாக்சிக்?”

படம் இருக்கிறதா பெரியவரே, என்று. கூலி லயத்தில் 1976இல் எவனிடம் கேமரா இருந்தது? தோட்டம் முழுக்க ஒரே ஒரு கேமராதான். அது கந்தையா கிராணியிடம் இருந்தது.

3

கந்தையா கிராணியின் மகனுக்குத் தனேஸ்வரன் என்று பெயர் வைத்தேன். ஓய்வு பெற்ற பல் டாக்டர், லோபாக்கில் வீடு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தோட்டத்து ஆபிசில் பேனா பிடித்த வம்சம். இந்தத் தனேஸ்வரன் எனக்குச் சரியாகப் படியவில்லை. கல்நெஞ்சக்காரனாக எழுதினால் நாடகத்து வில்லன் ஆகிறான்; நல்லவனாக எழுதினால் பொய்யாகிறது. ஒரு நாய் வளர்க்க விட்டேன். நாய் குரைத்தது. நாயை எடுத்துவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை, வீரமுத்து மோட்டாரை வாசலில் நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார்.

“ஆர் நீங்கள்?”

“பதினோராங்கட்ட ராமசாமி மவன்யா. பால்மரம் வெட்டுன ராமசாமி. வீரமுத்து.”

“ஓ. வாங்கோ, இருங்கோ.”

அவர் உட்காரவில்லை. கூடத்துச் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். அங்கேதான் அந்தப் படம் இருந்தது. 1977 தீபாவளிக்கு முந்தின நாள், கிராணியின் மனைவி தங்கேஸ்வரி பட்டுப்புடவை கட்டி வீட்டுத் தோட்டத்தில் நிற்கிற கறுப்பு வெள்ளைப் படம். மூக்குத்தியின் கல்வரைக்கும் தெளிவு. அவளுக்குப் பின்னால் எல்லாம் சாம்பலாகக் கரைந்து கிடக்கிறது. இடது ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி இருப்பது தெரிகிறது. அதைத் தாண்டி, மங்கலில், வெள்ளை வெள்ளையாகச் சில வட்டங்கள்.

வீரமுத்து கண்ணாடியில் விரல் படாமல் எண்ணினார். ஒன்பது.

“இதுதாங்கய்யா எங்க சமாதிங்க. இந்தா, தொட்டிப் பக்கத்துலேர்ந்து மூணாவது. எங்கம்மா.”

“அது வெளிச்சம். இலையளுக்குள்ளால வாற வெளிச்சம் அப்பிடித்தான் விழும்.”

“வெளிச்சம் இல்லங்கய்யா. மொத நாளுதான் நான் சுண்ணாம்பு அடிச்சேன்.”

வீரமுத்து தொண்டையைச் செருமிக்கொண்டு, வந்த விஷயத்தைக் கேட்டார்.

“கிராணியய்யா எந்தப் படத்தையும் ரெண்டு தடவ எடுப்பாரு. தோட்டத்துல எல்லாருக்கும் தெரியும்லா. ஒண்ணு மங்கலா, ஒண்ணு தெளிவா. அந்த ரெண்டாவது இருக்குங்களா?”

“அப்பான்ர சாமானெல்லாம் எப்பவோ எறிஞ்சாச்சு. பூஞ்சணம் பிடிச்சிட்டுது.”

[இரண்டு தடவை எடுப்பது கிறுக்கு இல்லை. லென்ஸின் துவாரத்தை முழுக்கத் திறந்தால், குறி வைத்த பொருள் மட்டும் தெளிவாக விழும்; மற்றதெல்லாம் கரைந்துபோகும். தூரத்தில் பளிச்சென்று இருக்கிற எந்தச் சின்னப் பொருளும் துவாரத்தின் வடிவத்தையே வாங்கி வட்டமாகிவிடும், அது விளக்கானாலும் சரி, கல்லானாலும் சரி. துவாரத்தைச் சுருக்கினால் முன்னாலும் பின்னாலும் எல்லாம் தெளிவாகும். முழுக்கத் திறந்தது ஒன்று புள்ளி நான்கு, சுருக்கியது பதினாறு. கிராணி முதலில் ஒன்று புள்ளி நான்கில் எடுப்பார், அடுத்துப் பதினாறில் எடுப்பார், பிறகு எது நன்றாக வந்ததோ அதை மட்டும் பெரிதாக்கிச் சுவரில் மாட்டுவார்.

நூறு வருஷமாக லென்ஸ் செய்தவர்கள் தெளிவைத் தேடித்தான் அலைந்தார்கள். பெட்ஸ்வாலுக்குக் கணக்குப் போட பீரங்கிப் படையிலிருந்து ஆள் கொடுத்தார்களாம். அப்படிக் கணக்குப் போட்டும் அவருடைய லென்ஸில் நடு மட்டும்தான் தெளிவு, ஓரத்தில் நின்றவர்கள் சுழன்று கலங்கிப்போனார்கள். ஓரம் நடுவைப் போலவே தெளிவாவதற்கு இன்னும் ஐம்பது வருஷமும் ஜெர்மன்காரர்களின் புதுக் கண்ணாடியும் வேண்டியிருந்தன. அவ்வளவு பாடுபட்டுத் தெளிவைப் பிடித்த பிறகு, மங்கலாக்குவதற்கென்று விலை உயர்ந்த லென்ஸ் வாங்க ஆரம்பித்தார்கள். மனைவிக்குப் பின்னால் கூலி லயம் தெரியக்கூடாது என்றால் மங்கல்தானே வேண்டும்.]

4

தனேஸ்வரன் ஒரு தயவு செய்தார். சுவரில் இருந்த படத்தைக் கைப்பேசியில் எடுத்துக்கொள்ள விட்டார். வீரமுத்து அதை விமலாவிடம் காட்டினார்.

“இத வச்சு என்னாப்பா செய்ய? ஒண்ணுமே தெரியலையே.”

“நீ லென்ஸ் கம்பெனிலதானே வேல பாக்குற. தெளிவாக்கிக் குடு.”

“நான் தூசிதான்பா பாக்குறேன்.”

ஆனாலும் முயன்றாள். மங்கலான படத்தைத் தெளிவாக்கித் தரும் ஆப் ஒன்றை இறக்கி, படத்தை உள்ளே போட்டாள். சக்கரம் சுற்றியது. பிறகு ஒன்பது வட்டமும் ஒன்பது வெள்ளைக் கோழிகளாக மாறி நின்றன. அலகு, கொண்டை, எல்லாம் துல்லியம். விமலாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

(கோழிகளை நான் கற்பனை செய்யவில்லை. அந்த இயந்திரம் இல்லாததைத் தயங்காமல் வரைகிறது, என்னைப் போல.)

திங்கட்கிழமை, கோழி இல்லாத படத்தை வீரமுத்து அலுவலகத்தில் கொடுத்தார். அதிகாரி பெரிதாக்கிப் பார்த்தார், பக்கத்து மேசைக்காரரிடமும் காட்டினார். தண்ணீர்த் தொட்டியை ஒப்புக்கொண்டார். அது இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. இடம் சரிதான், ஆனால் இந்த வட்டங்கள் எதுவாகவும் இருக்கலாம், இதை வைத்து நான் கையெழுத்துப் போட முடியாது பாக்சிக் என்றார். இன்னும் தெளிவாக ஏதாவது இருந்தால் வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது என்றும் சொன்னார். குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

5

அந்தப் படம் எடுத்த அன்றைக்கு என்ன நடந்தது என்று விமலாவுக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அப்பா சொல்லிச் சொல்லி மனப்பாடம்.

வீரமுத்துவுக்கு அப்போது இருபது வயது. அவரும் அவருடைய அப்பா ராமசாமியும் சரிவில் படையல் போட்டுக் கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். கீழே கிராணி கேமராவோடு வந்து, மனைவியை நிற்க வைத்துவிட்டு, மேலே பார்த்துக் கத்தினார். படத்துல விழுறீங்கள், அங்கால போங்கோ. ராமசாமி கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: கற்பூரம் எரியுதுங்க, அணையட்டும், போயிடுறோம். கிராணி மறுபடி கத்தினார். ராமசாமி நகரவில்லை. கற்பூரம் கடைசிச் சொட்டுவரை எரிந்து அணைந்த பிறகுதான் திரும்பி நடந்தார். கிராணிக்கு முன்னால் தலை குனியாமல் நின்ற ஒரே ஆள் அந்தத் தோட்டத்தில் ராமசாமிதான்.

விமலா இதைத் தன் தோழிகளிடம் சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் ‘நான் போற்றும் மனிதர்’ என்று கட்டுரையாக எழுதிப் பரிசும் வாங்கியிருக்கிறாள். பிறப்பதற்கு முன்பே இறந்துபோன தாத்தாவைப் பற்றி அவளிடம் இருக்கிற ஒரே சொத்து இதுதான்.

நல்ல காட்சி. இங்கேயே கதையை முடித்திருக்கலாம். முடித்தும் பார்த்தேன். நிமிர்ந்து நின்ற ராமசாமியின் நிழல் சரிவில் நீண்டு…

6

இல்லை. தனேஸ்வரன் என்று ஒருவர் கிடையாது.

கந்தையா கிராணிக்குப் பிறந்தது ஒரே பெண். பெயர் மயூரி. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். லோபாக் வீடு என் வீடு. சுவரில் இருப்பது என் அம்மா. எறிஞ்சாச்சு என்று சொன்னது என் வாய்.

மூன்றாம் பகுதியில் ‘ஐயா’ என்று வருகிற இடத்தில் ‘அம்மா’ என்று போட்டுக்கொள்ளுங்கள். மற்றபடி ஒரு சொல்லையும் நான் மாற்றவில்லை. ஓர் ஆம்பளையை நடுவில் நிறுத்தினால் பழி அவன்மேல் விழும் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பொய்யைச் சொல்ல எனக்கு யோசிக்கக்கூட நேரம் தேவைப்படவில்லை. அதுதான் இன்றைக்கும் என்னை அரிக்கிறது.

அப்பா செத்து இருபது வருஷம் ஆகிறது. அவருடைய நெகட்டிவ்கள் பிஸ்கட் டின்னில், உறை உறையாக, அலமாரிக்கு மேல் இருக்கின்றன. பூஞ்சணமும் இல்லை, ஒன்றும் இல்லை. எந்தப் படம் எந்த இலக்கத்தில் எடுத்தது என்று ஒரு நோட்டில் குறித்திருக்கிறார். 1977 தீபாவளி: ஒன்று புள்ளி நான்கு, ‘நல்லது’. அடுத்தது, பதினாறு, ‘கெட்டது’. அவர் செத்த வருஷமே அந்தக் கெட்டதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பார்த்துவிட்டு டின்னுக்குள் வைத்து மூடினேன். ஆகவே வீரமுத்து வாசலில் வந்து நின்றபோது அவர் கேட்பது என்னவென்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். சுண்ணாம்பு அடித்த கற்கள் கறுப்பு. ஒன்பதும் தனித்தனியாக, யாரும் மறுக்க முடியாத மாதிரி இருக்கின்றன. மூன்றாவது கல்லுக்குப் பக்கத்தில் இரண்டு வெளிறிய உருவங்கள். அவை நிற்கவில்லை. மண்ணில் குப்புறப் படுத்திருக்கின்றன.

அப்பா சொல்லியிருப்பது இப்படித்தான் இருக்கும்: போக ஏலாதெண்டால் படுங்கோடா. கற்பூரத்தை விட்டுப் போகவும் முடியாது, கிராணியை எதிர்க்கவும் முடியாது. படுத்துவிட்டார்கள். ராமசாமி ஒரு கையை நீட்டி, காற்றில் அணைந்துவிடாமல் கற்பூரத்தைச் சுற்றி உள்ளங்கையைக் குவித்து வைத்திருக்கிறார். அந்தக் கை பஞ்சாலையின் கல்லைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

என் அப்பா கெட்டிக்காரர். எந்த லென்ஸில் எத்தனை கண்ணாடி, எவன் எந்த வருஷம் கண்டுபிடித்தான், எல்லாம் விரல் நுனியில். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் சொன்னதுதான். ஆனால் ஒரு சின்ன விஷயம் அவருக்குத் தோன்றவில்லை. சரிவு கேமராவைப் பார்த்துத்தான் சாய்ந்திருக்கிறது. சமதரையில் படுத்தால் புல் மறைத்துவிடும். சரிவில் படுத்தவன் சுவரில் ஒட்டிய மாதிரி முழுசாகத் தெரிவான். அதனால்தான் ‘கெட்டது’. முதல் படத்துக்கு அவர்கள் படுத்திருக்கவே தேவையில்லை. ஒன்று புள்ளி நான்கில் நின்றாலும் உட்கார்ந்தாலும் அவர்கள் வெறும் புகைதான். இரண்டு மனிதர்களை மண்ணில் கிடத்தியதற்கு ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை.

[இந்த இடத்தில் கட்டுரையின் ஒரு பத்தி மிச்சமிருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டெய்லர் என்ற ஆங்கிலேயர், வருஷக்கணக்கில் காற்று பட்டுக் கறை படிந்த லென்ஸ் புது லென்ஸைவிட அதிக வெளிச்சத்தை உள்ளே விடுவதைக் கவனித்தார். பின்னால் வந்தவர்கள் அந்தக் கறையை வேண்டுமென்றே பூச ஆரம்பித்தார்கள். இன்றைக்கு எல்லா லென்ஸிலும் அந்தப் பூச்சு உண்டு. இதை எங்கள் குடும்பத்தோடு ஒப்பிட்டு ஓர் அழகான வாக்கியம் எழுதலாம் என்று ஒரு மணி நேரம் முயன்றேன். கறை பட்டும் எங்களுக்குள் ஒன்றும் தெளிவாகவில்லை.]

7

புதன்கிழமை நெகட்டிவை டவுனில் கொடுத்துப் பெரிதாக்கி, உறையில் போட்டு, செனாவாங்குக்குக் காரை எடுத்துக்கொண்டு போனேன். மனம் மாறிவிட்டதாக நினைக்காதீர்கள். அவர் சனிக்கிழமை வாசலிலும் திங்கட்கிழமை போனிலும் சொன்னதை வைத்து ஐந்தாம் பகுதிவரை எழுதிவிட்டேன், அதற்கு மேல் எழுத வரவில்லை. அதனால்தான் போனேன்.

ஜாகா அறையில் மதியச் சாப்பாட்டுப் பொட்டலம் பிரித்தபடி இருந்தது. வீரமுத்து கையைத் துடைத்துக்கொண்டு படத்தை வாங்கினார்.

“எறிஞ்சிட்டேன்னு சொன்னீங்க.”

“பொய் சொன்னனான்.”

“தெரியும்மா. உங்கப்பா காலி டப்பியக்கூட எறிய மாட்டாரு.”

நெடுநேரம் பார்த்தார். ஒரு லாரி ஹார்ன் அடித்தது. படத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்க் கம்பத்தைத் தூக்கினார், இறக்கினார், நம்பரை எழுதினார், திரும்பி வந்து மறுபடி பார்த்தார். நான் வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போன மன்னிப்பைச் சொல்ல வாயெடுத்தேன். “வீரமுத்து, என்ர அப்பா செஞ்சது…” என்றேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அதைக் கேட்கிற நேரம் அவருக்கு இல்லை.

“இவங்க ரெண்டு பேரையும் எடுத்துட முடியாதாம்மா?”

“கம்ப்யூட்டரில அழிக்கலாம். அழிச்ச படம் எண்டு தெரிஞ்சா உங்கட பேச்சு ஒண்டும் எடுபடாது.”

“ஓரத்த வெட்டுனா?”

இருவரும் குனிந்து பார்த்தோம். அவர் தன் சுண்டுவிரல் நகத்தால் கோடு போட்டுப் பார்த்தார். இந்தப் பக்கமாக, அந்தப் பக்கமாக. மகன் போய்விடுகிறான், பிரச்சினை இல்லை. ராமசாமியின் கை கல்லோடு இருக்கிறது. அவரை வெட்டினால் பஞ்சாலையையும் சேர்த்துத்தான் வெட்ட வேண்டும்.

“மிச்சம் எட்டுக் கல்லு இருக்குத்தானே,” என்றேன்.

“அவங்களுக்குக் கேக்க ஆளில்லம்மா. எங்கெங்கயோ போயிட்டாங்க. எங்கம்மாவுக்கு நான் இருக்கேன்.”

பொட்டலத்தில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அவர் படத்தைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி பேசினார்.

“விமலாகிட்ட அப்பா நின்னாருன்னு சொல்லி வச்சிருக்கேன். மொதல்ல ஒரு தடவ சொன்னேன், அப்பறம் அதுவே நெசமாயிடுச்சு. எனக்கே கொஞ்ச நாளா, நின்ன மாரிதான் ஞாபகம் வருது.”

நான் படத்தை எடுத்து உறைக்குள் வைத்தேன்.

“வெள்ளிக்கெழம கொண்டு போயிக் குடுக்குறேன். அந்த ஆபிசருக்கு எங்கப்பா யாருன்னு தெரியாது. படுத்துக் கெடக்கான் ஒருத்தன்னு பாத்துட்டுப் போறாரு. அம்மா வெளிய வந்தா சரி.” முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். “நீங்க கத எழுதுறவங்கன்னு விமலா போன்ல தேடிப் பாத்துச் சொல்லிச்சு. இத எழுதிடாதீங்கம்மா. நம்ம ஆளுங்க படிப்பாங்க. எழுதித்தான் ஆகணும்னா எங்கப்பாவ நிக்க வச்சு எழுதுங்க. வேற ஒண்ணும் நான் உங்ககிட்ட கேக்கல.”

“சரி,” என்றேன்.

நான் சரி என்று சொன்னதை அவர் நம்பினார். சோற்றை எடுத்து ஒரு வாய் வைத்தார்.

8

வெள்ளிக்கிழமை அவர் அலுவலகத்துக்குப் போனார் என்பதுவரை எனக்குத் தெரியும். பிறகு நான் கேட்கவில்லை. கேட்க என்ன முகம் இருக்கிறது? ஆகவே முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: அதிகாரி கையெழுத்துப் போடுகிறார். ஏழாவது மரத்தை வேரோடு சாய்த்துத் தோண்டுகிறார்கள். ஒரு கை மண்ணும் இரண்டு துண்டு எலும்பும். வீரமுத்து அதை மடியில் வைத்துக்கொண்டு வேனில் போகிறார்.

இரண்டு: படம் பிந்தி வந்ததாலோ, படத்தில் இருப்பவர் யார் என்று நிரூபிக்க ஆள் இல்லாததாலோ, ஒப்புக்கொள்ளவில்லை. அந்த இடத்தில் முப்பத்திரண்டாம் நம்பர் வீட்டின் குளியலறை வருகிறது.

மூன்று: வீரமுத்து வாசல்வரை போய்விட்டு, உறையைப் பிரிக்காமலே திரும்பிவிடுகிறார். இது எனக்கு எழுத நன்றாக வந்தது. அதனால் இதை நம்பாதீர்கள்.

மூன்றில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சாலையின் முடிவை உங்களிடமே விட்டுவிடுகிறேன். ஆனால் ராமசாமியின் முடிவை விட்டுக்கொடுக்க என்னால் முடியாது, அதை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் பார்த்தேன். ஆறாம் பகுதியைக் கிழித்துவிட்டு அவரை நிற்க வைத்து நான்கு தடவை எழுதினேன். நின்றார், கையைக் கட்டிக்கொண்டு, தலை குனியாமல். நான்கு தடவையும் கதை செத்துக் கிடந்தது. ஐந்தாவது தடவை அவரைப் படுக்க வைத்தேன், கை கல்லைத் தொட்டது, எழுத்து ஓடியது. உண்மைக்காக எழுதினேன் என்று சொன்னால் நம்ப வேண்டாம். எங்கள் குடும்பத்தின் பாவத்தை வெளியே சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். கதை நன்றாக வந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

என் அப்பா ஒரு படத்துக்காக ராமசாமியைப் படுக்க வைத்தார். படம் கெட்டுப்போனது என்று வெட்கப்பட்டு, சாகும்வரை யாருக்கும் காட்டவில்லை. நான் காட்டிவிட்டேன்.

மலர் அச்சுக்குப் போகிற காலைவரை, போன் செய்து நிறுத்திவிடலாம் என்றிருந்தேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள். ஆகவே நான் என்ன செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். மலரை மொத்தம் முந்நூறு பிரதி போட்டிருக்கிறார்கள், செனாவாங்குக்கும் சில போகும். உங்கள் கையில் இருப்பதை அங்கே விமலாவின் வயதில் ஒரு பெண் இரவல் கேட்டால், கொடுப்பீர்களா, இல்லை எறிஞ்சாச்சு என்று சொல்வீர்களா என்று யோசித்துக்கொள்ளுங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.